அஸ்தரோத்: சீதோனின் தேவி பிசாசானது எப்போது?

கேள்வி (காட்பாடி வாசகி)

எங்கள் சபையின் வேதபாட வகுப்பில் 1 இராஜாக்கள் 11-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். சாலொமோன் பின்பற்றிய அஸ்தரோத் 'சீதோனியரின் தேவி' என்று அங்கே இருக்கிறது. வகுப்பிலிருந்த இளைஞர் ஒருவரோ, தாம் ஆடும் கணினி விளையாட்டில் அஸ்தரோத் வலுசர்ப்பத்தின்மேல் ஏறிவரும் ஆண் பிசாசு என்கிறார். இருவரும் ஒருவர்தாமா? ஆமெனில், இந்த மாற்றம் எப்போது நேர்ந்தது?

பதில் (வேலூர், ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்)

சகோதரி, ஆண் பிசாசின் பெயர் அந்தத் தேவியிடமிருந்து வந்ததே. இன்றைய லெபனான் கடற்கரையிலுள்ள பழம்பெரும் நகரான சீதோனில் அவள் அரச குடும்பமே போற்றிய தெய்வம். அந்நகரருகே 1855-இல் கிடைத்து, இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள எஷ்முனாசார் அரசனின் கல்பேழையில், அவனுடைய தாய் அத்தேவியின் பூசாரிணி என்றும், தாயும் மகனுமாக அவளுக்குக் கோயில் எழுப்பினர் என்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. எகிப்தியர் அவளைக் குதிரையேறும் போர்த்தேவியாக வணங்கினர். பழைய ஏற்பாடு இவ்வழிபாட்டைக் கடுமையாகக் கண்டிக்கிறது. அவளுக்காகச் சாலொமோன் கட்டிய வழிபாட்டு மேடையைப் பிற்காலத்து யூதா அரசன் யோசியா தீட்டுப்படுத்தினான். ஆயினும் அவள் பெயரைச் சொல்லிப் பிசாசு என்று அது எங்கும் குறிப்பதில்லை.

பதில் (ராணிப்பேட்டை வாசகர்)

ஐயா கூறியதற்குத் தொடர்ச்சியாக ஒன்று. புறஜாதியார் பலியிடுவது பேய்களுக்கே என்று பவுல் 1 கொரிந்தியர் 10:20-இல் எழுதியதையொட்டி, திருச்சபையின் தொடக்ககால அறிஞர் பலர் பழைய தெய்வங்கள் அனைத்தையும் பேய்களின் கணக்கில் சேர்த்தனர். ஆண் உருவம் அதற்கும் வெகுகாலம் பிந்தியது. மந்திர நூல்கள் தந்தது. மருத்துவர் யோகான் வையர் 1577-இல் அச்சிட்ட பிசாசுப் பட்டியலில், அஸ்தரோத் கையில் விரியன் பாம்புடன் வலுசர்ப்பத்தின்மேல் அமர்ந்து 40 படைகளை ஆளும் பிரபுவாக வருகிறான். சூனியக்காரிகள் என்று பெண்களைக் கொல்வதை எதிர்த்தவர் வையர். மந்திரவாதிகளின் பிதற்றலை அம்பலப்படுத்தவே அப்பட்டியலை வெளியிட்டார். பின்வந்தவர்கள் அதை மெய்யான கையேடாகவே எடுத்துக்கொண்டது வேடிக்கைதான். அந்த இளைஞர் காணும் உருவத்துக்கு வேர் இங்கேதான். வேதாகமத்தில் அதைத் தேட வேண்டியதில்லை.

பதில் (குடியாத்தம் வாசகர்)

இதே பார்வை நம் நாட்டுத் தெய்வங்கள்மீதும் விழுந்ததுண்டு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராம வழிபாட்டைக் கால்டுவெல் 1849-இல் வெளியான தம் நூலில் பேய் வழிபாடு என்றே வகைப்படுத்தினார். ஆனால் அஸ்தரோத்துக்கு நேர்ந்தது இங்கே நேரவில்லை என்பதே என் கருத்து. சீதோன் தேவியை வணங்குவோர் அற்றுப்போனபின், அவளை அறியாதவர்கள் அவள் பெயருக்குத் தாம் விரும்பிய உருவத்தைத் தந்தனர். எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் வரும்போது தெருவெல்லாம் ஆட்கள் நிற்கிறார்கள். அவள் யார் என்று சொல்ல அவர்களே இருக்கிறார்கள். வகுப்பில் இதையும் பேசிப் பாருங்கள், சகோதரி. இளைஞர்கள் மறுத்தும் பேசக்கூடும்.