புதுப்பிப்பு: லாக் ஃபைல் கடைசியில் எழுத ஆரம்பித்துவிட்டது

போன வாரம் புலம்பியிருந்தேனே, டபிள்யூபிஎஃப் ஆப்பில் (விண்டோஸ் டெஸ்க்டாப் ஆப்) செரிலாக் என்ற, லாக் (ஆப்பில் நடப்பதன் பதிவு) எழுதும் லைப்ரரியைப் போட்டேன், கோட் எழுதும் விஷுவல் ஸ்டுடியோவில் ஓட்டினால் லாக் அழகாக விழுகிறது, இன்ஸ்டால் செய்த மெஷினில் ஒரு வரிகூட இல்லை, எர்ரரும் இல்லை என்று. காரணம் கிடைத்துவிட்டது.

செரிலாக் தன் சொந்தப் பிரச்சினையை வெளியே சொல்லாது, லாக் எழுத முடியாததற்காக ஆப் விழக்கூடாது என்பதற்காக அப்படி. அதன் சொந்த எர்ரர்களைக் காட்டும் செல்ஃப்லாக்கை எனேபிள் செய்து டெம்ப் ஃபோல்டரில் ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டேன், திறந்து பார்த்தால் வரிக்கு வரி 'அக்சஸ் டினைடு'. நான் கொடுத்திருந்தது வெறும் 'லாக்ஸ்/ஆப்.டிஎக்ஸ்டி', ஷார்ட்கட் வழியாகத் திறக்கும்போது அது புரோகிராம் ஃபைல்ஸுக்குள் போய் நிற்கிறது, அங்கே சாதாரண யூசருக்கு எழுத அனுமதி ஏது? யூசரின் சொந்த ஃபோல்டரான லோக்கல் ஆப்டேட்டாவுக்கு முழு பாத் கொடுத்ததும் சரியாகிவிட்டது. (இரண்டு நாள் கான்ஃபிக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.)

அப்புறம் இன்னொன்று: கோடில் எங்கும் பிடிபடாத எர்ரருக்கான டிஸ்பேட்சர் அன்ஹேண்டில்டு எக்ஸெப்ஷன் ஈவென்ட், யூஐ த்ரெட்டில் (திரையை நடத்தும் த்ரெட்) விழுவதை மட்டும்தான் பிடிக்கும், பின்னணி த்ரெட்டுக்கு ஆப்டொமைன் (மொத்த ஆப்புக்குமானது) பக்கத்திலும் ஒரு ஹேண்ட்லர் வேண்டும். இரண்டிலும் லாக் எழுதி, முடியும் இடத்தில் குளோஸ் அண்ட் ஃப்ளஷ் (மீதி லாக்கை எழுதிவிட்டு மூடுவது) போட்டிருக்கிறேன். தினம் ஒரு ஃபைல், இன்றையதையும் சேர்த்து கடைசி 31 ஃபைல் வரை தானாகவே வைத்துக்கொள்கிறது, அதை நான் தொடவில்லை.