பெண்கள் உடல்நலக் கருவி செய்யும் நிறுவனத்தில் ஓய்வுக்காலப் பணத்தைப் போடலாமா?

உறையூர் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயிரியல் கற்பித்துவிட்டுக் கடந்த ஆண்டு ஓய்வு பெற்றேன். பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் படித்த மாணவி ஒருவர், பொறியியல் முடித்து, இப்போது கோவையில் வேறு இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் நடத்தி வருகிறார். கருப்பைவாயைப் பெரிதாக்கிப் படம் பிடிக்கும், கைக்கு அடக்கமான கருவி ஒன்றை அவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே அதைக் கொண்டு கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைக் கண்டுகொள்ளலாம் என்கிறார். உரிமம் பெறவும் அடுத்த ஐம்பது கருவிகளைச் செய்யவும் பணம் தேடி அலைகிறார். என்னிடம் ஐந்து லட்சம் கேட்டிருக்கிறார்.

என் பணம் முழுவதும் வங்கி வைப்பில் இருக்கிறது. "பிள்ளைக்கு உதவ வேண்டுமென்றால் நன்கொடையாகக் கொடு, முதலீடு என்று பெயர் வைக்காதே" என்கிறார் என் கணவர். அவர் என் மேல் உள்ள அக்கறையால்தான் சொல்கிறார். ஆனாலும் ஒரு பெண் தொடங்கிய தொழில், அதுவும் பெண்களின் உடலைப் பற்றியது என்றவுடன் அதைத் தர்மக் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் எனக்கு உறுத்துகிறது. இதையே ஓர் இளைஞன் நெசவு இயந்திரத்துக்குக் கேட்டிருந்தால் நன்கொடை என்ற சொல் எங்கள் வீட்டில் எழுந்திருக்குமா? முதலீடாகவே கொடுப்பதென்றால் நான் அவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை, அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழனிமலைச் செவிலி:

அம்மா, நான் திண்டுக்கல் மாவட்டத்தில் இருபத்தாறு ஆண்டுகள் அரசுச் செவிலியராக இருந்தவள். உங்கள் மாணவி கையில் எடுத்திருக்கும் சோதனையின் பயனை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்களில் எங்கள் மாவட்டத்துப் பெண்களும் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டில் இங்கே தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயது வரை உள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் ஒற்றிக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். ஒரே ஒரு முறை செய்த அந்தச் சோதனையாலும் அதைத் தொடர்ந்த சிகிச்சையாலும் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாக, டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான குழு 2007இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியது.

சோதனை எளியதுதான். காடி வாடை அடிக்கும் அந்த அமிலத்தில் பஞ்சை நனைத்துக் கருப்பைவாயில் ஒற்றிவிட்டு ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். மாறத் தொடங்கிய திசு இருந்தால் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்து, ஓரம் தெளிவாகத் தெரியும். டார்ச் பேட்டரி மங்கினால் அதுவும் தெரியாமல் போகும். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதியே உள்ளே ஏறிவிடும். ஐயம் வந்தால் அருகில் கேட்க ஆளும் இருக்கமாட்டார். நல்ல வெளிச்சமும், மருத்துவருக்கு அனுப்பிக் கேட்கத் தெளிவான படமும் கிடைக்கும் என்றால், அந்தக் கருவியை நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆனால் வெள்ளை தெரிந்த பிறகுதான் வேலையே இருக்கிறது. நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் சோதனைக்கு வந்த ஒரு பெண்ணுக்குத் திட்டு தெரிந்து, பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அவள் வீட்டுக்குப் போனபோது, அந்தச் சீட்டு நான் மடித்துக் கொடுத்த மடிப்பு மாறாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது. ஒரு நாள் கூலி போகும், கூட வர ஆள் இல்லை, மாமியாரிடம் எந்த உறுப்பு என்று சொல்வது என்றாள். மறு வாரம் நானே பேருந்தில் அழைத்துப் போனேன். திசுவை உறையவைத்து அழிக்கும் சிகிச்சை கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அந்தக் கால் மணி நேரத்துக்காக மூன்று மாதம் போனது.

ஆகவே உங்கள் மாணவியிடம் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள். இதுவரை வெள்ளை தெரிந்த பெண்கள் எத்தனை பேர், அவர்களில் சிகிச்சை முடித்தவர்கள் எத்தனை பேர்?

சேலம் ஆடிட்டர்:

செவிலியர் அம்மையார் சொன்னதற்கு மேல் மருத்துவத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. பணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கைமாற்றுக் கடனாகக் கொடுக்காதீர்கள். இயக்குநரோ, இயக்குநரின் உறவினரோ, பங்குதாரரோ அல்லாத பொதுமக்களிடம் தனியார் நிறுவனம் வைப்புத் தொகை பெறுவதை நிறுவனங்கள் சட்டம் தடுக்கிறது. நாளைக்குச் சிக்கல் வந்தால் உங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் கெட்ட பெயர். பங்காகவே வாங்குங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நிறுவனத்தின் தனிக் கணக்குக்குத்தான் போக வேண்டும், ரொக்கம் கூடாது. பணம் பெற்ற 60 நாட்களுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். தவறினால் அடுத்த 15 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சொல்கிறது. பட்டியலிடப்படாத நிறுவனத்தின் பங்கை நினைத்தபோது விற்க முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள். முழுவதும் போனாலும் மாதச் செலவு ஆடாது என்ற அளவுக்கு மட்டும் போடுங்கள். ஐந்து லட்சம் அந்த அளவா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அடுத்து உரிமம். 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகள், ஆபத்தின் அளவைப் பொறுத்துக் கருவிகளை ஏ முதல் டி வரை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. இந்தக் கருவி எந்த வகுப்பு, கையில் இருப்பது சோதனைக்காகச் செய்யும் உரிமமா விற்பனைக்குச் செய்யும் உரிமமா என்று கேட்டு, தாளைக் கண்ணால் பாருங்கள். பிறகு, வாங்கப்போவது யார்? அரசு என்றால் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஒப்பந்தப்புள்ளி வழியாகப் போக வேண்டியிருக்கும். இத்தகைய ஒப்பந்தப்புள்ளிகளில் முந்தைய ஆண்டுகளின் விற்றுமுதலைக் கேட்பது வழக்கம், புதிய நிறுவனங்கள் தடுக்கி விழும் இடம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் புத்தொழில் நிறுவனர்களிடம் முதலீட்டாளர்கள் கேட்ட கேள்விகளை ஆராய்ந்து, டானா கான்ஸேயும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்களிடம் "எவ்வளவு வளர்வீர்கள்" என்ற வகையிலும், பெண்களிடம் "நட்டத்தை எப்படித் தவிர்ப்பீர்கள்" என்ற வகையிலுமே பெரும்பாலும் கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் வகைக் கேள்விகள் கேட்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த பணமும் குறைவு. நான் மேலே எழுதியவை எல்லாம் அந்த இரண்டாம் வகைதான் என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது. எனவே முதல் வகையையும் கேளுங்கள்: பத்து மாவட்டங்களுக்குப் போக என்ன வேண்டும் என்று அவர் மனம் விட்டுப் பேசட்டும்.

பவானி மகளிர் குழு:

எங்கள் சுய உதவிக் குழு நாப்கின் செய்கிறது. 2018 சூலையில் நாப்கினுக்கு 12 விழுக்காடு ஜிஎஸ்டி நீக்கப்பட்டபோது ஊரே எங்களை வாழ்த்தியது. ஆனால் மூலப்பொருளுக்கு நாங்கள் கட்டும் வரி அப்படியே இருந்தது. விற்கும் பொருளுக்கு வரி இல்லை என்பதால் அதைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லாமல், அது எங்கள் அடக்க விலையிலேயே ஏறிக்கொண்டது. அதைவிட எங்களை நொறுக்கியது, பெரிய அளவில் வாங்கிய ஓர் அலுவலகம் ஏழு மாதம் கழித்துப் பணம் கொடுத்ததுதான். மரக்கூழ் வாங்கப் பணமில்லாமல் இயந்திரத்தைத் துணி போட்டு மூடி வைத்தோம். வங்கி வட்டி மட்டும் ஓடியது. சரக்குக்குக் குறை இல்லை, கேட்பவர்களுக்கும் குறை இல்லை. விற்ற பணம் கைக்கு வரும்வரை தாக்குப்பிடிக்கக் கையிருப்பு எத்தனை மாதத்துக்கு இருக்கிறது என்று உங்கள் மாணவியிடம் கேளுங்கள் அக்கா.

மதுரை வழக்கறிஞர்:

ஒருவரும் தொடாத கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தப் படங்கள் யாருடையவை? பெண்ணின் உடலுக்குள் எடுக்கும் படம் செவிலியரின் கைப்பேசியிலா, நிறுவனத்தின் கணினியிலா, எங்கே தங்குகிறது, எத்தனை நாள் தங்குகிறது, பின்னர் மென்பொருளைப் பழக்க அதைப் பயன்படுத்துவார்களா என்பதை ஒப்புதல் படிவத்தில் எளிய தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். படிவத்தில் "கணவர் கையொப்பம்" என்ற கட்டம் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். கருக்கலைப்புக்கே வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் மட்டும் போதும் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இனப்பெருக்கம் பற்றிய முடிவு பெண்ணின் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அப்படியிருக்க, ஒரு நிமிடச் சோதனைக்குக் கணவரின் அனுமதி எதற்கு?

நல்ல நோக்கத்தோடு போட்ட பணமும் இந்த இடத்தில் தவறியிருக்கிறது. கருத்தடை மாத்திரை ஆராய்ச்சிக்கான செலவில் பெரும்பகுதியைத் தனி ஒருவராக ஏற்றவர் காதரின் மெக்கார்மிக் என்ற அமெரிக்கப் பெண்மணி. அரசும் பெரிய மருந்து நிறுவனங்களும் தயங்கிய காலத்தில் அவர் காட்டிய துணிவால்தான் 1960இல் அந்த மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. ஆயினும் 1956 முதல் புவேர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் அதைச் சோதித்தபோது, இது ஒரு சோதனை என்பதே அவர்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை; தலைசுற்றல், குமட்டல் என்று அவர்கள் சொன்னதும் பொருட்படுத்தப்படவில்லை. பணம் போடுகிறவர் கேட்டால் நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும். சோதனைக்குப் படுத்திருக்கும் பெண்ணுக்கு அந்த வலிமை இல்லை, ஆகவே அவருக்காகவும் நீங்கள் கேளுங்கள்.

உறையூர் ஆசிரியை:

உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. சனிக்கிழமை கோவைக்குப் போய், இவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். விற்பனை உரிமத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. கையிருப்பு நான்கு மாதத்துக்கு உண்டு. படிவத்தில் கணவர் கையொப்பக் கட்டம் இருந்தது. ஒரு மருத்துவமனைப் படிவத்தைப் பார்த்து எழுதியபோது வந்துவிட்டது என்று சொல்லி, என் முன்னாலேயே நீக்கினார்.

செவிலியர் சகோதரியின் கேள்விக்குத்தான் அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். முன்னோட்ட முகாம்களில் பதினான்கு பெண்களுக்கு வெள்ளைத் திட்டு தெரிந்திருக்கிறது. ஒன்பது பேர் சிகிச்சை முடித்துவிட்டார்கள். மற்ற ஐந்து பேரைப் பற்றி நிறுவனத்திடம் தகவல் இல்லை, பெயர்ப் பட்டியல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் மட்டும் இருக்கிறது.

ஐந்துக்குப் பதிலாக இரண்டு லட்சத்துக்குப் பங்கு வாங்குவதாகச் சொல்லியிருக்கிறேன். என் கணவரும் கணக்குகளைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். வரும் புதன்கிழமை அந்தக் கிராம சுகாதாரச் செவிலியர் அந்த ஐந்து வீடுகளுக்கும் போகிறார். பெரிய மருத்துவமனை வரை வரச் சம்மதிப்பவர்களோடு கூடப் போக ஆள் வேண்டும் என்று கேட்டார். நான் போகிறேன்.