கீசருக்குள் இருக்கும் மெக்னீசியம் ராடு: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர், முத்தியால்பேட்டை:

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒரு கையேட்டை முடித்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கீசர் வாங்குவது, அதைப் பராமரிப்பது பற்றியது. மற்ற சொற்கள் எல்லாம் வழிக்கு வந்துவிட்டன. தலைப்பில் 'வெந்நீர்க் கலன்', உள்ளே 'கீசர்' என்று கலந்தே எழுதுகிறேன். 15 லிட்டர் கலனில் 60 டிகிரிக்குச் சூடான நீரைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் இரண்டு பக்கெட் கிடைக்கும், 2000 வாட் காயில் அந்தச் சூட்டைக் கொடுக்க ஏறக்குறைய 20 நிமிடம் எடுக்கும் என்பதையெல்லாம் சிரமமில்லாமல் எழுதிவிட்டேன். நின்றுபோனது ஒரே ஒரு சொல்லில். கலனுக்குள் தொங்கும் மெக்னீசியம் ராடு. துரு இரும்பைத் தொடாமல் தான் முதலில் அரிபடுவதற்கென்றே வைக்கப்படும் பொருள் அது.

இந்தச் சொல் எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கீசர் நான்காம் வருடமே அடியில் ஒழுக ஆரம்பித்தது. கழற்றிப் பார்த்தபோது உள்ளேயிருந்து வந்தது ஒரு மெல்லிய கம்பி. அதில் அங்கங்கே வெள்ளையாக, ஈரச் சுண்ணாம்பு காய்ந்தது போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டதும் உள்ளங்கையில் உதிர்ந்தது. புதிதில் அது கட்டைவிரல் தடிமன் இருக்குமாம். அதுவரை மூன்று முறை சர்வீஸுக்கு ஆள் வந்து போனார்கள். யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆங்கிலத்தில் இதைச் 'சாக்ரிஃபீஷியல் ஆனோடு' என்கிறார்கள். அதை அப்படியே பெயர்த்து, இப்போது என் வரைவில் 'தியாக நேர்மின்வாய்' என்று இருக்கிறது. இதைப் படித்து எந்த வீட்டுக்காரர் மெக்கானிக்கிடம் கேட்பார்? உதவுங்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்:

தம்பி, தியாகம் வடசொல். பலியும் அப்படியே. நம்மிடம் ஈகம் இருக்கிறது. 'ஈகத்தண்டு' என்றால் இரண்டே சொல்லில் முடிந்தது.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது ஒன்று உண்டு. நம் ஊர்ப்பக்கம் ஆட்டைச் சாமிக்கு 'நேர்ந்துவிடுவது' எல்லாருக்கும் தெரியும். நேர்தல் என்றால் கொடுத்தல், உடன்படுதல். நேர்ந்துவிட்ட ஆடு மேய்கிறது, வளர்கிறது. ஆனால் அது எதற்கென்று ஊருக்கே தெரியும். இந்த மெக்னீசியமும் கலனுக்காக நேர்ந்துவிட்டதுதான். நேர்மின்வாயில் வரும் 'நேர்' இதிலும் வருகிறது பாருங்கள். ஆகவே 'நேர்த்தித்தண்டு'. தென்னார்க்காட்டுத் திரௌபதி அம்மன் திருவிழாவில் அரவான் களப்பலி பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒருவன் தன்னைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பதைப் புதிதாக விளக்க வேண்டியதே இல்லை.

இன்னொன்று. 'வெந்நீர்க் கலன்' இருக்கட்டும். குறுந்தொகை 277இல் தோழி ஓர் அறிவரை (துறவியை) வாழ்த்தும்போது, முன்பனிக் காலத்துக்கு வேண்டிய வெப்பத் தண்ணீரைச் 'சேமச் செப்பில்' பெறுவாயாக என்கிறாள். சூடான நீரைச் சேமித்து வைக்கும் பாத்திரம்! தண்ணீர் என்றால் தண்மையான நீர். அதற்கு 'வெப்ப' என்று அடைகொடுத்து அந்தக் காலத்திலேயே வழங்கியிருக்கிறார்கள். சேமிப்பு வகைக் கீசருக்குச் 'சேமச்செப்பு' என்று நாம் ஏன் சொல்லக்கூடாது?

வேதியியல் ஆசிரியை, மஞ்சக்குப்பம்:

ஐயாவின் சேமச்செப்பு மனத்தைத் தொட்டது. ஆனால் இன்றைய கலன் பெரும்பாலும் எஃகு, உட்புறம் எனாமல் பூச்சு. செப்பு என்றால் சிமிழ் என்ற பொருள் இருந்தாலும், மக்கள் செம்பு என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் அது அவ்வளவாகப் பொருந்தவில்லை.

என் பெரிய மறுப்பு 'நேர்' மீது. பள்ளிப் புத்தகத்தில் நேர்மின்வாய் என்று மனப்பாடம் செய்கிறோம். வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தும் மின்னாற்பகுப்பில் அது சரி. மின்கலத்தில் ஆக்சிஜனேற்றம் (எலக்ட்ரானை இழத்தல்) நடக்கும் முனைதான் எதிர்க்குறி உடையது. எலக்ட்ரானை விடும் போக்கைக் காட்டும் அளவான நியம மின்முனை அழுத்தம் மெக்னீசியத்துக்கு மைனஸ் 2.37 வோல்ட், இரும்புக்கு மைனஸ் 0.44. இரண்டும் ஒரே தண்ணீரில், உலோகத் தொடர்போடு இருந்தால் மெக்னீசியம் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துக் கரையும், இரும்பு தப்பிக்கும். அதாவது மின்கலம் போன்ற இந்த அமைப்பில் அந்த ராடு எதிர்முனை. அதை 'நேர்' என்று அழைத்தால் மாணவர் தடுமாறுவார். ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ வகுப்பில் இந்த இடத்தில்தான் ஒரு முழு பீரியட் போகிறது.

ஆங்கிலச் சொல்லில் இந்தச் சிக்கல் இல்லை. 1834இல் விஞ்ஞானி ஃபாரடே கேட்டு, அறிஞர் ஹியூவெல் கடிதத்தில் அமைத்துக் கொடுத்த சொல் 'ஆனோடு'. கிரேக்கத்தில் 'மேலேறும் வழி', சூரியன் உதிக்கும் பக்கத்தை மனத்தில் வைத்துச் செய்தது. அதில் நேர், எதிர் கிடையாது. நாம் குறியைச் சொல்லுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டோம்.

இந்தக் கருத்து ஃபாரடேவின் குரு டேவி 1824இல் கப்பல்களுக்குச் சொன்னது. கப்பலின் செம்புத் தகட்டைக் காக்கத் துத்தநாகமோ இரும்போ வைக்கச் சொன்னார். செம்பு அரிபடாமல் நின்றது. ஆனால் செம்பு கரையாததால் கொட்டலசு (கப்பலடியில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) வந்து அப்பிக்கொண்டது என்பது தனிக்கதை.

மொழிபெயர்ப்பாளர், முத்தியால்பேட்டை:

டீச்சர், இது எனக்குத் தெரியவே தெரியாது. சரி, நேர்மின்வாயை இப்போதே அடித்துவிட்டேன். நாள் மூன்றுதான் இருக்கிறது.

படகு எஞ்சின் வேலை செய்பவர், கடலூர் முதுநகர்:

நான் எப்போதாவதுதான் எழுதுவேன். எங்கள் துறைமுகத்தில் புரொபெல்லர் தண்டில் துத்தநாகக் கட்டி மாட்டுவோம், அதே வேலைக்குத்தான். அதை 'ஜிங்க்' என்றே சொல்கிறோம். "ஜிங்க்கைக் கடல் தின்னுடுச்சு, மாத்து" என்பார்கள். அது தின்னப்பட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். தின்னாமல் அப்படியே இருந்தால்தான் எங்களுக்குக் கவலை, தொடர்பு விட்டிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் சொல்லிலும் அந்தத் தின்பது வர வேண்டும்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர், கடலூர்:

முதுநகர் நண்பர் சொன்னதுதான் விஷயம். என் மாணவர்களிடம் 'ராடு' என்றால், பக்கெட்டில் போட்டுச் சூடு பண்ணும் ஹீட்டர் ராடைத்தான் நினைப்பார்கள். வீடுகளிலும் அப்படியே. அதனால் வெறும் ராடும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்.

நம் கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பு. உப்பு கூடினால் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ராடும் சீக்கிரம் போகும். உள்நாட்டில் இரண்டு, மூன்று வருடம் தாங்குவது இங்கே அதற்கு முன்பே முடிந்துவிடலாம். வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும். மெயினை அணைத்து, நீரை வடித்துவிட்டு எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தாலோ நடுக்கம்பி தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். காயிலில் கட்டியிருக்கும் உப்புக் கல்லையும் அப்போதே எடுத்துவிடலாம். தெர்மோஸ்டாட்டை 60க்கு மேல் வைத்தால் அந்தக் கல் இன்னும் வேகமாகக் கட்டும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, மின்சிக்கன நட்சத்திரத்தைப் பார்க்கிற அதே நேரத்தில் இந்த ராடு தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

வகுப்பில் நான் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "இது கரையணும், அப்பத்தான் டேங்க் நிக்கும்."

மொழிபெயர்ப்பாளர், முத்தியால்பேட்டை:

சார், உங்கள் வாக்கியத்திலேயே சொல் இருக்கிறது. 'கரைதண்டு'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. கரைந்த தண்டு, கரைகின்ற தண்டு, கரையும் தண்டு. மூன்று காலமும் உள்ளே இருக்கிறது. அந்த மெக்னீசியத்தின் ஆயுளும் அதுதான். முன்னால் 'மெக்னீசியம்' சேர்த்துவிட்டால் கடைக்காரருக்கும் புரியும். 'மெக்னீசியம் கரைதண்டு'. என்ன சொல்கிறீர்கள்?

வேதியியல் ஆசிரியை, மஞ்சக்குப்பம்:

உப்பு கரைவதும் இதுவும் ஒன்றல்ல, இது ஆக்சிஜனேற்றம். பாடநூலுக்கு 'அரிதண்டு' இன்னும் துல்லியம். ஆனால் கையேட்டுக்கு என் ஓட்டு கரைதண்டுக்கே.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்:

வினைத்தொகை என்பதில் எனக்கு முழு மகிழ்ச்சி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வினைத்தொகையில் ஒற்று மிகாது. அச்சில் யாராவது 'கரைத்தண்டு' என்று ஒற்றுப் போட்டால் அது ஆற்றங்கரைத் தண்டாகிவிடும்.

என் குறை வேறு. கரைதண்டு நடப்பதைச் சொல்கிறது, எதற்காக நடக்கிறது என்பதைச் சொல்லவில்லை. சோப்பும்தான் கரைகிறது. காப்பதற்காகக் கரைவது என்பதுதான் இந்தப் பொருளின் உயிர். 'நேர்' குறியைக் காட்டும் என்று டீச்சர் தடுத்ததை ஏற்கிறேன். ஆனால் நேர்த்தியில் இருப்பது குறியல்ல, நேர்தல்.

படகு எஞ்சின் வேலை செய்பவர், கடலூர் முதுநகர்:

ஐயா, நேர்த்தி என்றால் எங்களுக்குச் சுத்தமான வேலை என்றுதான் தோன்றுகிறது. கரைதண்டு போதும்.

மொழிபெயர்ப்பாளர், முத்தியால்பேட்டை:

வெள்ளி மதியம் அனுப்பிவிட்டேன். வாக்கியம் இப்படிப் போயிருக்கிறது: "கலன் துருப்பிடிக்காமல் காப்பதற்காகத் தான் கரையும் மெக்னீசியம் கரைதண்டு உள்ளே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்." ஐயா கேட்ட 'காப்பதற்காக' வாக்கியத்தில் வந்துவிட்டது. சொல்லுக்குள் கொண்டுவர என்னால் முடியவில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்:

நல்லது தம்பி. இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன். ஈகத்தண்டையாவது அடைப்புக்குறிக்குள் போடுங்கள்.

ஐ.டி.ஐ. பயிற்றுநர், கடலூர்:

திங்கட்கிழமை போர்டில் எழுதிப் பார்த்தேன். படித்ததும் பின்வரிசைப் பையன் ஒருவன் "கரைஞ்சா மாத்தணுமா சார்?" என்று கேட்டுவிட்டான். எனக்கு அது போதும். பாதிப் பேர் நோட்டில் 'கரைத்தண்டு' என்றே எழுதியிருந்தார்கள், திருத்தினேன். கடையில் என்னவென்று கேட்பது என்றார்கள். மெக்னீசியம் ராடு என்று கேட்கச் சொன்னேன்.