வளைகாப்புக்குக் கட்டிய மல்லி ஒரே ராத்திரியில் பழுத்துப் போனது. உங்களுக்கு நடந்திருக்கிறதா?

மதுரைப்பெண்:

தங்கை வளைகாப்பு தை மாதத்தில். பனிக்காலத்தில் வரத்து குறைந்து மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் போவது தெரிந்ததுதானே. விடிகாலையில் அலைய வேண்டாம் என்று முந்தின நாளே மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய் நல்ல மொட்டாகப் பார்த்து ஒன்றரைக் கிலோ வாங்கி வந்தோம். அம்மா, சித்தி, நான் மூன்று பேரும் உட்கார்ந்து கட்டி முடிக்கும்போது விரல் நுனியெல்லாம் வாழைநார் அறுத்திருந்தது. வாடிவிடக் கூடாதே என்று நான் சரத்தின் மேல் கை நிறைய தண்ணீர் அள்ளித் தெளித்து, பாலித்தீன் கவரில் திணித்து, காற்று போகாமல் இறுக்கி முடிச்சுப் போட்டு, ஃபிரிட்ஜில் சீர்த்தட்டுக்கு வாங்கிய ஆப்பிள் பையின் மேலேயே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

காலையில் முடிச்சை அவிழ்த்ததும் மல்லி வாசனைக்குப் பதில் ஊறிப் போன ஒரு வாடை. பாதி மொட்டு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிறது, ஓரமெல்லாம் பழுப்பு, கவர் அடியில் டீத்தண்ணி நிறத்தில் ஒரு கரண்டி நீர். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவசரத்துக்குத் தெருமுனை பூக்கார அக்காவிடம் ஓடினேன். கூடையில் இருந்ததை எல்லாம் அளந்து கொடுத்துக்கொண்டே அவர் சொன்னது: "பூவுக்குத் தண்ணி காட்டாத தாயி, துணிக்குக் காட்டு."

அவர் கூடையில் அதைத்தான் செய்து வைத்திருந்தார். பழைய வேட்டித் துணியை நனைத்து, இனி ஒரு சொட்டு விழாது என்கிற அளவுக்குப் பிழிந்து, அதை அடியில் விரித்து, மேலே வாழை இலை, இலைக்குள் பூப்பந்து, அதற்கு மேல் இன்னொரு இலை. ஈரம் காற்றில் இருக்கிறது, பூ இதழில் தண்ணீர் உட்காரவில்லை. வீட்டில் என்றால் எவர்சில்வர் டப்பாவில் இதே மாதிரி வைத்து, மூடியை லேசாகச் சாய்த்து, ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைக்கச் சொன்னார். ஃப்ரீசர் பக்கமே போகக் கூடாதாம். மொட்டாக வைத்தால் இரண்டு நாள் தாங்குகிறது, தலையில் வைக்க ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடுத்தால் சூட்டில் தானாக விரிகிறது. அன்றைக்கு இது தெரிந்திருந்தால் மூன்று பேர் உழைப்பு வீணாகியிருக்காது.

கொல்லைப்புறம்:

எங்கள் ஆத்தா காலத்தில் ஃபிரிட்ஜ் ஏது. தண்ணீர்ப் பானைக்கு அடியில் மணல் கொட்டி வைத்திருப்பார்கள் இல்லையா, பானை கசிந்து அந்த மணல் எப்போதும் சில்லென்று இருக்கும். வாழை இலையில் பொதிந்து நாரால் கட்டி அந்த மணலில் வைத்துவிடுவார். மறுநாள் காலை பிள்ளையாருக்கு அதே பூதான். கனகாம்பரத்துக்கு இந்த உபசாரமெல்லாம் கிடையாது, அது சும்மா கிடந்தாலும் இரண்டு நாள் தாங்கும்.

காபிப்பிரியன்:

மூடியைச் சாய்த்து வையுங்கள் என்று யாரும் சொல்லாதீர்கள், தயவுசெய்து. எங்கள் வீட்டில் அப்படி வைத்து, பக்கத்தில் மூடாமல் இருந்த பால் முழுக்க மல்லி வாசனை ஏறி, காலையில் டிகாக்‌ஷனில் ஊற்றிக் குடித்தால் கோயில் கருவறையில் நின்று காபி குடிக்கிற மாதிரி இருந்தது. அன்றைக்கு ஊற்றிய தோசையும் அப்படித்தான். மாமியார் மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது என்று இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார். எங்கள் டப்பா இறுக்க மூடித்தான் இருக்கும், துணியை நன்றாகப் பிழிந்தால் ஒன்றும் ஆகாது.

மதுரைப்பெண்:

அண்ணா, பாலை மூடுங்கள், பூவை ஏன் மூடுகிறீர்கள் :)

ஓசூர்க்காரன்:

நான் ஓசூரில் ரோஜா பண்ணை ஒன்றில் பேக்கிங்கில் ஆறு வருடம் வேலை பார்த்தவன். பிப்ரவரி காதலர் தின ஏற்றுமதி நேரத்தில் தூக்கமே இருக்காது, அதை விடுங்கள். மேலே சொன்ன கதையில் தண்ணீரை மட்டும் குற்றம் சொல்கிறீர்கள், அந்த ஆப்பிள் பையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழுக்கிற பழம் எத்திலீன் வாயுவை விடும், பூவுக்கு அதுதான் 'கிழவனாகிவிடு' என்று சொல்லும் சேதி. நீலகிரியிலிருந்து வரும் கார்னேஷனைப் பழக்கூடை பக்கத்தில் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள், இதழெல்லாம் உள்ளே சுருண்டு தூங்குகிற மாதிரி ஆகிவிடும், பிறகு விரியவே விரியாது.

சரம் கட்டின பூவுக்குக் காம்பு வழியாகக் குடிக்க வழியில்லை, அதனால் ஈரக் காற்று போதும். காம்போடு வாங்குகிற ரோஜா வேறு ஜாதி, அதற்குத் தண்ணீர்தான் உயிர். பண்ணையில் வெட்டின உடனே தண்ணீர் வாளிக்குள் போய்விடும், பிறகு 2 முதல் 4 டிகிரி குளிரறை. கடையில் எத்தனை மணி நேரம் வெளியே கிடந்ததோ, வெட்டின நுனியில் காற்று ஏறி அடைத்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் நுனியில் ஒரு அங்குலம் வெட்டி எறியுங்கள். கத்தரிக்கோல் காம்பை நசுக்கும், கூர்மையான கத்தியால் சாய்வாக, முடிந்தால் தண்ணீருக்குள்ளேயே வைத்து வெட்டுங்கள். தண்ணீருக்குள் இறங்கும் இலையை எல்லாம் உருவிவிட வேண்டும், இலை அழுகினால் பாக்டீரியா பெருகி காம்பை அடைக்கும். சர்க்கரை போட்டால் நல்லது என்று பாதி விஷயத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போடுகிறார்கள், வெறும் சர்க்கரை பூவை விட பாக்டீரியாவுக்குத்தான் விருந்து. ஒரு பங்கு ஸ்பிரைட், மூன்று பங்கு தண்ணீர், நாலைந்து சொட்டு பிளீச் கலந்தால் சர்க்கரை, புளிப்பு, கிருமிநாசினி மூன்றும் வந்துவிடும். அதுவும் இல்லையா, இரண்டு நாளுக்கு ஒருமுறை ஜாடியைக் கழுவித் தண்ணீர் மாற்றி நுனியை வெட்டுங்கள், பாதி வேலை முடிந்தது.

எங்கள் கல்யாண நாளுக்கு வாங்கிய பன்னிரண்டு ரோஜாவும் மதியத்துக்குள் கழுத்தைத் தொங்கப் போட்டுவிட்டன. பூப்பண்ணையில் வேலை பார்ப்பவர் வாங்கின லட்சணத்தைப் பாரு என்று வீட்டில் ஒரே கேலி. நான் பேசாமல் எல்லாவற்றையும் செய்தித்தாளில் கழுத்து நிமிர்கிற மாதிரி இறுக்கிச் சுற்றி, நுனியை மறுபடி வெட்டி, பக்கெட்டில் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி, விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். ராத்திரி பிரித்தபோது பதினொன்று நிமிர்ந்து நின்றது. ஒன்று மட்டும் வரவில்லை, அது மொட்டிலேயே சீக்கிரம் வெட்டியது.

பரிசோதனைக்காரி:

ஜாடித் தண்ணீரில் போட்டால் பூ வாடாது என்பார்களே, அந்தச் செம்புக் காசு, ஆஸ்பிரின் மாத்திரை பற்றி யாரும் பேசவில்லையே? நான் இரண்டு பாட்டிலில் ஆறு ஆறு சம்பங்கித் தண்டு வைத்துப் பார்த்தேன். ஒன்றில் ஆஸ்பிரின் பொடித்துப் போட்டு அப்படியே விட்டேன், இன்னொன்றில் ஒன்றும் போடாமல் தினம் தண்ணீர் மாற்றினேன். மாத்திரை பாட்டில் நாலாம் நாள் கொழகொழவென்று ஆனது, மற்றது வாரம் தாண்டியது. சம்பங்கியில் கீழ்ப் பூ உதிர உதிரக் கிள்ளி எறிந்தால் மேல் மொட்டு விரியும் என்பதும் அப்போது கற்றதுதான். செம்புக் காசுக்குப் பாட்டியின் பழைய காலணாவைப் போட்டேன். காசு பளபளத்தது.

அடுக்குமாடி:

ஜெர்பெரா வாங்குகிறவர்கள் ஜாடியை நிரப்பாதீர்கள். அதன் தண்டு மென்மையானது, மேலெல்லாம் மெல்லிய ரோமம், நிறைய தண்ணீரில் நின்றால் அழுகி மடங்கிவிடும். இரண்டு அங்குலம் போதும், தினம் பார்த்து ஊற்றுங்கள். இன்னொன்று, ஆந்தூரியம், ஆர்க்கிட் இரண்டும் வெப்ப ஊர்ப் பூக்கள், ஃபிரிட்ஜ் குளிர் ஆகாது. நான் பத்திரப்படுத்துவதாக நினைத்து 350 ரூபாய் ஆந்தூரியத்தை உள்ளே வைத்து நீலம் பாய்ந்த பூவாக எடுத்தேன்.

நேற்று வந்தவன்:

பொக்கேயில் பச்சை ஸ்பாஞ்சில் குத்தி வருகிறதே, அதை என்ன செய்வது?

ஓசூர்க்காரன்:

பூவைப் பிடுங்கி மறுபடி அதே ஓட்டையில் குத்தாதீர்கள் தம்பி, நுனிக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் காற்று நின்றுவிடும். அப்படியே விட்டு, தினம் ஸ்பாஞ்ச் மேல் அரை டம்ளர் மெதுவாக ஊற்றுங்கள். ஒரு தடவை முழுக்கக் காய்ந்துவிட்டால் அது மறுபடி சரியாக உறிஞ்சாது, அப்போது பூவை எடுத்து நுனி வெட்டி ஜாடிக்கு மாற்றுவதுதான் வழி.

மதுரைப்பெண்:

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். போன வாரம் தங்கை மகளுக்குப் பெயர் வைத்தோம். முந்தின நாள் மல்லி கட்டி, பிழிந்த துணி, வாழை இலை, எவர்சில்வர் டப்பா என்று பூக்கார அக்கா சொன்ன மாதிரியே வைத்தேன், ஆப்பிள் பையை மேல் வீட்டு ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைத்தேன், மூடியை மட்டும் அந்த அண்ணனுக்குப் பயந்து இறுக்க மூடினேன். காலையில் திறந்தால் ஒவ்வொரு மொட்டும் அரிசி மாதிரி வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. அம்மா ஒரு மொட்டை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, இதை எப்போ கட்டினீங்க என்று கேட்டார். சித்தி மட்டும் காபியை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்து, பாலை எங்கேடி வச்சிருந்தே என்றார்.