"அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்: சேதமான வீட்டுக்கு யார் பொறுப்பு?

லிங்கராஜபுரத்து வீட்டுக்காரி கேட்கிறார்:

பெங்களூரில் வீடு வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்களிடம் ஒரு யோசனை வேண்டும். லிங்கராஜபுரத்தில் என் தந்தையார் கட்டிய வீட்டின் மாடிப் பகுதியை 2023 ஜூனில் ஒரு குடும்பத்துக்கு மாதம் 22,000 ரூபாய் வாடகை, 1,50,000 ரூபாய் அட்வான்ஸ் என்று பேசி விட்டேன். பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்த பிறகும் வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருந்ததால் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. இப்போது நான்கு மாத வாடகை நிற்கிறது. கேட்டால், "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள், மேடம்" என்கிறார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். போன மாதம், கீழ்வீட்டில் குடியிருக்கும் வயதான அம்மையார் தம் படுக்கையறைக் கூரையில் நீர் சொட்டுவதாகச் சொன்னதால் மேலே போய்ப் பார்த்தேன். குளியலறையில் அலமாரி மாட்டுவதற்காகச் சுவரைத் துளைத்தவர்கள் உள்ளே ஓடும் குழாயையும் சேர்த்துத் துளைத்துவிட்டு, மேலே எம்-சீல் என்ற அடைப்புப் பசையை அப்பி டைல்ஸ் நிறத்தில் வண்ணமும் பூசியிருக்கிறார்கள். சமையல் மேடையின் கிரானைட்டில் விரிசல். பின்கதவின் அடிப்பகுதியை அவர்களுடைய நாய் கடித்துக் குதறியிருக்கிறது. பெயின்டிங்கையும் சேர்த்து 1,40,000 ரூபாய் ஆகும் என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்தார். வாடகைப் பாக்கியைக் கழித்தால் அட்வான்ஸில் மிஞ்சுவது 62,000 ரூபாய்தான். வீடே பழையது, கசிவு முன்பிருந்தே இருக்கிறது என்பது வாடகைதாரரின் வாதம். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தினால் ஒரே வாரத்தில் காலி செய்துவிடுவார் என்கிறான் என் தம்பி. நான் என்ன செய்வது?

கம்மனஹள்ளிப் பெரியவர்:

அம்மா, தம்பியின் யோசனையை முதலில் தள்ளிவையுங்கள். பல வருஷங்களுக்கு முன் நான் அதைத்தான் செய்தேன். மறுநாள் காலையில் காவல் நிலையத்தில் நின்றது நான். வாடகை தராதவர் புகார்தாரராகி என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவர் தடையுத்தரவும் வாங்கிவிட்டதால், அந்த வீடு என் கைக்குத் திரும்ப ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வீட்டை மீட்பது ஒரு கணக்கு, சேதத்துக்குப் பணம் வாங்குவது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பேச்சில் போட்டால், கிரானைட்டின் விலையைப் பற்றிய சண்டையிலேயே மாதங்கள் ஓடிவிடும்; ஒவ்வொரு மாதமும் 22,000 கரையும். பிறகொரு முறை வாடகை தராமல் இருந்த இன்னொருவரிடம், சாவியை இந்தத் தேதிக்குள் கொடுத்தால் அட்வான்ஸில் இவ்வளவைத் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். நியாயப்படி அவருக்கு ஒரு பைசாவும் சேர வேண்டியதில்லை. வயிறு எரிந்தது உண்மைதான். ஆனால் பத்து நாளில் சாவி வந்தது, அடுத்த மாதமே புதுக் குடித்தனமும் வந்தது.

சிவில் வழக்கறிஞர், அல்சூர்:

பெரியவர் சொன்னதற்குச் சட்டத்திலும் அடிப்படை இருக்கிறது. முறையான நடவடிக்கையின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு உடைமையை, அதாவது இடத்தைத் தம் வசம் வைத்திருக்கும் நிலையை, திரும்பப் பெற, 1963-ஆம் ஆண்டின் 'குறிப்பிட்ட நிவாரணச் சட்டம்' (Specific Relief Act) என்பதன் 6-ஆம் பிரிவு இடம் தருகிறது. நிலைபெற்ற உடைமையில் இருப்பவரை, அவருக்கு உரிமையே இல்லாவிட்டாலும், சட்டத்தின் வழியே அன்றி வெளியேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ராமே கவுடா வழக்கில் சொன்னதும் கர்நாடகத்திலிருந்து போன வழக்கில்தான்.

1999-ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம், பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகளுக்குப் பொருந்தாது. ஊரில் உறவினர்கள் சொல்லும் தமிழ்நாட்டுச் சட்டம் இங்கே செல்லாது. ஆகவே தங்களுக்கு உரியது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான். ஒப்பந்தம் முடிந்த பிறகும் வாடகை வாங்கிக்கொண்டிருந்ததால் இது இப்போது மாதத்துக்கு மாதம் நீளும் குத்தகை. 106-ஆம் பிரிவின்படி 15 நாள் எழுத்து அறிவிப்பால் அதை முடிக்கலாம். அந்தக் கெடு கழிந்த பிறகு அவர் திடீரென்று யூபிஐ மூலம் ஒரு மாத வாடகையை அனுப்பிவைப்பார். பேசாமல் வைத்துக்கொண்டால், அறிவிப்பைத் தாங்களே கைவிட்டுவிட்டீர்கள் என்று 113-ஆம் பிரிவைக் காட்டி வாதாடுவார்கள். குடியிருந்ததற்கான இழப்பீடாக மட்டுமே, உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் ஏற்பதாக அன்றே பதில் எழுதிவிடுங்கள்.

சேதத்துக்கு 108-ஆம் பிரிவின் (எம்) உட்பிரிவு இருக்கிறது. வழக்கமான தேய்மானம் போக, பெற்ற நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தருவது வாடகைதாரரின் கடமை. தம் செயலால் நேர்ந்த பழுதை, அறிவிப்பு கிடைத்த மூன்று மாதத்துக்குள் அவர் சரிசெய்தாக வேண்டும். நியாயமான நேரத்தில் தாங்கள் உள்ளே வந்து பார்வையிடுவதையும் அவர் தடுக்க முடியாது. துளையைப் பற்றிய அறிவிப்பை இன்றே அனுப்புங்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் படங்களையும் அழிக்காதீர்கள். அவற்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

ஒப்பந்தத்தை எத்தனை ரூபாய் முத்திரைத் தாளில் எழுதினீர்கள் என்பதையும் பாருங்கள். முத்திரைத் தீர்வை குறைவாக இருந்தால், குறைந்த தொகையோடு அதைப் போலப் பத்து மடங்கு அபராதமும் கட்டினால்தான் கர்நாடகத்தில் நீதிமன்றம் அதைச் சான்றாக ஏற்கும். கடையில் கிடைத்த தாளில் அச்சடித்துக் கையெழுத்துப் போடுபவர்களுக்கு இது கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது.

சைட் இன்ஜினியர், ஹொரமாவு:

கசிவு யாரால் என்பதை வாதத்தால் தீர்க்க முடியாது, சோதனையால் தீர்க்கலாம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து அந்தக் குளியலறைக்கு இறங்கும் குழாயின் வால்வை, குடியிருப்பவர்களின் சம்மதத்தோடு இரண்டு இரவுகளுக்கு மட்டும் அடைத்துப் பாருங்கள். கீழே சொட்டுவது குறைந்தால் பழுது தண்ணீர் வரும் குழாயில் இருக்கிறது. அவர்கள் குளித்த பிறகு மட்டும் சொட்டினால் அது தரையில் கழிவுநீர் இறங்கும் நஹானி ட்ராப்பிலோ டைல்ஸ் இடுக்கிலோ இருக்கும். அதற்கும் அலமாரிக்கும் சம்பந்தமில்லை. பிளம்பரிடம் கைப்பம்பு இருந்தால் திறப்புகளையெல்லாம் அடைத்து அழுத்தம் கொடுத்து, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கீழ்வீட்டுக் கூரையையும் உற்றுப் பாருங்கள். உப்புப் பூத்து, ஒன்றுக்குள் ஒன்றாகப் பழுப்பு வளையங்கள் தெரிந்தால், அங்கே நீர் பலமுறை ஊறிக் காய்ந்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் அவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கலாம். உங்கள் தந்தையார் காலத்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயே இன்னும் இருக்கிறதென்றால், துருப்பிடித்த குழாயின் விலையை டிரில் செய்தவர் தலையில் கட்ட முடியாது.

வாடகைக் குடியிருப்பவன், பாணஸ்வாடி:

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருவன் பேச வேண்டும் அல்லவா? உடைந்த குழாயும் நாய் கடித்த கதவும் அவர்கள் பொறுப்பு, அதில் மறுப்பில்லை. ஆனால் அந்த 1,40,000-க்குள் பெயின்டிங்கும் இருக்கிறது. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்காகப் பிடிப்பது பெங்களூரில் வழக்கம்தான். அதை ஒப்பந்தத்தில் எழுதியும் விடுகிறார்கள். அதற்கு மேல் முழு வீட்டுக்கும் புதுப் பெயின்ட் அடிக்கும் செலவை அவர் தலையில் வைத்தால், நியாயமான மற்ற தொகைகளையும் அவர் நம்ப மாட்டார். பழைய கதவுக்குப் பதிலாகப் புதுத் தேக்குக் கதவின் விலையைக் கேட்பதும் அப்படித்தான்.

லிங்கராஜபுரத்து வீட்டுக்காரி:

அனைவருக்கும் நன்றி. நேற்று பிளம்பர் அவர்கள் முன்னிலையிலேயே அழுத்தம் கொடுத்துப் பார்த்தார். முள் சரசரவென்று இறங்கியது. அலமாரித் திருகைக் கழற்றியதும் அந்தத் துளையிலிருந்தே நீர் பீய்ச்சியடித்ததால் அதற்கு மேல் வாதம் எழவில்லை. ஆனால் நஹானி ட்ராப்பைச் சுற்றிய பூச்சும் பெயர்ந்திருக்கிறது. அது என் செலவு என்று சொல்லிவிட்டேன். பெயின்டிங்கை ஒரு மாத வாடகையோடு நிறுத்தி, பழைய கதவின் அடிப்பலகையை மாற்றும் கூலியை மட்டும் வைத்துக் கணக்கைத் திருத்தி எழுதியபோது சேதத்தொகை 81,000 ரூபாயாகக் குறைந்தது. அட்வான்ஸில் மிஞ்சுவது போக 19,000 நிற்கிறது. இம்மாதக் கடைசிக்குள் சாவியைத் தந்தால் அதை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதற்கிடையில் 15 நாள் அறிவிப்பும் திங்களன்று ஸ்பீட் போஸ்டில் போகிறது. முத்திரைத் தாள் வெறும் 100 ரூபாய்த் தாள்தான், அது போதுமா என்று வழக்கறிஞர் ஐயா தனிச்செய்தியில் சொன்னால் உதவியாக இருக்கும். மோட்டார் அறைச் சாவியைத் தம்பியிடமிருந்து வாங்கி வைத்துவிட்டேன்.