சர்வேல பிக்மி நம்பர் கேட்டா முகம் மாறிடுது, எப்படித்தான் கேக்கறது?

ஆய்வு_மாணவி
தர்மபுரி பக்கம் கிராமங்கள்ல கைக்குழந்தை வச்சிருக்க அம்மாக்கள்கிட்ட சர்வே எடுக்கறேன். மாசமா இருந்தப்ப எத்தனை தடவ செக்கப் போனீங்க, ரத்த அளவு எவ்ளோ இருந்துச்சுன்னு கேட்டா யாருக்கும் ஞாபகம் இல்ல. பிக்மில (கர்ப்பிணிங்க விவரத்த ஏத்தற அரசாங்க ஆன்லைன் பதிவேடு) எல்லாம் ஏறியிருக்கும்னு, சர்வே முடியறப்ப அதுல குடுத்த 12 இலக்க ஆர்சிஎச் (தாய் சேய் நல) நம்பரும், ரெக்கார்டை எங்க சர்வேயோட சேத்துப் பாக்க சம்மதமும் கேக்கறோம். பிறப்புச் சான்றிதழுக்கே தேவைப்பட்ட நம்பர், வீட்ல பத்திரமா இருக்கு, ஆனா தர மாட்டேங்கறாங்க. ஒரு மணி நேரம் நல்லா பேசிட்டிருந்த அக்கா ஒருத்தங்க "அப்போ உரிமைத்தொகை ஆயிரத்த நிறுத்திருவீங்களா"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் வரல.

எண்ணும்எழுத்தும்
கடைசில கேக்கறீங்கல்ல, அத மாத்துங்க. ஜெர்மனில போன் சர்வேல இதே சம்மதத்த ஆரம்பத்துல கேட்டுப் பாத்தாங்க, கடைசில கேட்டத விட அதிகம் பேர் சரின்னாங்க. உங்களுக்கு இன்னும் சுலபம், "செக்கப் ஞாபகம் இல்லம்மா"ன்னு அவங்க சொல்ற அந்த எடத்துலயே கேளுங்க, எதுக்குக் கேக்கறோம்னு அவங்களுக்கே புரிஞ்சிரும். பிரிட்டன்ல 2009ல தொடங்குன பெரிய குடும்ப சர்வேல நேர்ல கேக்கறத விட இணையத்துல கேட்டா சம்மதம் குறையுதுன்னு பாத்திருக்காங்க, நீங்க திண்ணைல உக்காந்து பேசறீங்க, அது எவ்ளோ பெரிய பலம்.

பழைய_ஃபீல்டு_ஆள்
தங்கச்சி ஒண்ணு கேக்கறேன், கூட விஎச்என், அதான் கிராம சுகாதார நர்ஸ், வர்றாங்களா? வந்தா அந்தக் கேள்வி வரும்போது கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லும்மா. நாளைக்கு ஊசி போட அவங்ககிட்டதான் போகணும், நர்ஸம்மா பக்கத்துல நிக்கறப்ப எந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லும்? அது சம்மதமே இல்ல. நான் முன்னாடி வேலை பாத்த எடத்துல எதுக்குன்னு சொல்லாம ரேஷன் ஸ்மார்ட் கார்டு நம்பர எழுதிட்டு வந்தோம், மறு வருஷம் அதே தெருவுல ஒரு வீட்லயும் உக்காரச் சொல்லல, அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகல.

ஆய்வு_மாணவி
ஆமாண்ணா, வர்றாங்க. இத நான் யோசிக்கவே இல்ல. ஆயிரம் ரூபா கேள்விக்கு என்ன சொல்லட்டும்?

எண்ணும்எழுத்தும்
"நிறுத்த மாட்டாங்க"ன்னு வாக்கு குடுக்காதீங்க, திட்டம் உங்க கைல இல்ல. உங்க கைல இருக்கறத மட்டும் சொல்லுங்க: "நீங்க சொன்ன பதில் எந்த ஆபீசுக்கும் போகாது, பேரும் நம்பரும் தனியா பூட்டி வைப்போம், வேணாம்னாலும் சர்வேல இருக்கலாம், பின்னாடி மனசு மாறினா இந்த நம்பருக்கு ஒரு போன் போதும்." ஆனா இது அத்தனையும் நெசமா இருக்கணும், பிக்மி ரெக்கார்டு உங்ககிட்ட வரும்போது உங்க பக்கத்துல இருந்து அங்க என்ன போகுதுன்னு முதல்ல கைடுகிட்ட கேட்டுத் தெளிவாக்குங்க. 2023 டேட்டா பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் குடுக்கறது எவ்ளோ சுலபமோ திரும்ப வாங்கறதும் அவ்ளோ சுலபமா இருக்கணும்னுதான் சொல்லுது. படிக்கத் தெரியாதவங்கன்னா ரேகையோட, உங்க டீம்ல இல்லாத ஒரு சாட்சியும் வேணும், ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்ல இருக்கு. அந்த சாட்சியா விஎச்என்ன வைக்காதீங்க.

அப்புறம் மறுத்தவங்கள கணக்குலேருந்து தூக்கிடாதீங்க. செக்கப்பே போகாதவங்கதான் அதிகமா மறுக்கறாங்கன்னா, சேத்துப் பாத்த டேட்டால எல்லாரும் ஒழுங்கா போன மாதிரி தெரியும்.