உப்பு கசக்குது, பாமே மீட்டர் (உப்புத்தண்ணியோட அடர்த்தி அளக்குற கருவி) வச்சிருக்கவங்க உதவுங்க

எல்லாருக்கும் வணக்கம். வாலிநோக்கம் பக்கம் எங்க சித்தப்பா சின்னதா ஒரு உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துறாங்க. இந்தத் தடவை வாரின உப்பு கசக்குது. சாக்குல கட்டி நாலே நாள்ல அடியில நீர் கசிஞ்சு தரையெல்லாம் ஈரம். வாங்க வந்தவர் ஒரு கல்லை நாக்குல வச்சுப் பார்த்துட்டு, விலைகூடப் பேசாம போயிட்டார். சித்தப்பா அன்னைக்குச் சாப்பிடவே இல்ல.

நான் வேதியியல் படிச்சவ. கடல் தண்ணியோட அடர்த்தி சுமார் 3.5 டிகிரி பாமே இருக்கும். வெயில்ல வத்தி 13 டிகிரி வாக்குல ஜிப்சம் படியும், 25 தொட்டாத்தான் சாப்பாட்டு உப்பு பூக்கும். 29 தாண்டவிட்டா மக்னீசிய உப்பும் கூடவே இறங்கும். கசப்புக்கும் ஈரம் இழுக்குறதுக்கும் அதுதான் காரணம். இங்க மீட்டர் உடைஞ்சு ரெண்டு மாசமாச்சு, உப்பு இறங்கினபிறகு மிஞ்சுற பழைய தண்ணியை வடிக்காம கண் மதிப்புலயே ஓட்டியிருக்காங்க.

சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை பக்கம் யார்கிட்டயாவது பாமே மீட்டர் இருந்தா ஒரு வாரம் கடனா தாங்க, நானே வந்து வாங்கிக்கிறேன். குவிச்ச உப்பை 25 டிகிரி பாமே உள்ள தெளிஞ்ச உப்புத்தண்ணியில அலசினா கசப்பு குறையும், உப்பும் அவ்வளவா கரையாது. கையால செஞ்சு பார்த்த அண்ணன்மார் இருந்தா, ஒரு டன்னுக்கு எவ்வளவு தண்ணி, எத்தனை தடவைன்னு சொல்லுங்க. இனி வடிக்கப்போற கசப்புத் தண்ணியைக் கடல்ல விட எனக்கு மனசில்ல, எதிர்த் தீவுகளைச் சுத்திப் பவளப்பாறை இருக்கு. அதை வாங்கிக்கிறவங்க இருந்தாலும் சொல்லுங்க.